பழைய படகு மோட்டாரின் மூச்சுப் பாதை

படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டி, வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தக்க மோட்டார் என்ற எண்ணத்தை வியாபாரமாக்கி வெற்றி கண்டவர், நார்வேயில் பிறந்து பால்ய வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தில் குடியேறிய ஓலே எவின்ரூட் ஆவார். அவருக்கு முன்பே அம்முயற்சியில் இறங்கியவர்கள் உண்டு. ஆயினும் 1909-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரிலிருந்து அவர் விற்கத் தொடங்கிய, ஒன்றரைக் குதிரைத்திறனும் ஏறத்தாழ 28 கிலோ எடையும் 62 டாலர் விலையுமுள்ள சிறு யந்திரமே துடுப்புக்கு மெய்யான போட்டியாக வந்து நின்றது. அதன் சந்ததியை இன்று நம் கடற்கரையின் பைபர் படகுகளிலும் காணலாம்.

இங்கே நான் எடுத்துக்கொண்ட விஷயம் அந்த வம்சத்தின் முதிய கிளையொன்று: 1950-களில் எவின்ரூட், ஜான்ஸன் என்ற இரண்டு பெயர்களிலும் ஒரே ஸ்தாபனம் செய்து விற்ற இரட்டைச் சிலிண்டர் மோட்டார்கள். அமெரிக்காவில் இவை இன்னும் கொட்டகை மூலைகளிலும் பழம்பொருள் சந்தைகளிலும் அகப்படுகின்றன. ஆனால் காற்று புகும் வழியிலுள்ள பாகங்களில் ஏதாவதொன்று காணாமற் போயிருப்பது சகஜம். கிளம்ப மறுக்கும் மோட்டாரில் எவரும் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். கழற்றியவர் பாதியில் சலித்துப்போய் விட்டுவிட, மூடி ஒரு பக்கமும் திருகாணிகள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுகின்றன. இப்படி அங்கஹீனமான மோட்டாரை ஓட்டலாமா என்று கேட்டால், குறைந்த பாகம் அப்பாதையில் எவ்வளவு தூரம் உள்ளே இருந்தது என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். வாசலில் குறைவதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே போகப் போக அதே குறை ஆபத்தாகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் செவ்வையாக எரிவதற்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். பிஸ்டன் மேலே ஏறும்போது, கீழேயுள்ள கிராங்க் அறையில் உண்டாகும் வெற்றிடம் கார்புரேட்டர் வழியாக இக்காற்றை இழுக்கிறது. போகிற போக்கில் காற்று பெட்ரோலையும், அதனுடன் முன்னமே கலந்து வைத்த ஆயிலையும் நுண்துளிகளாக வாரிக்கொண்டு செல்கிறது. பிஸ்டன் இறங்கும்போது அக்கலவை அழுத்தம் பெற்று, சிலிண்டருக்குள் புகுந்து எரிகிறது.

கார்புரேட்டரின் வாயை மூடியிருக்கும் தகட்டுப் பெட்டியைக் காற்று வடிகட்டி என்று நினைப்பவர் பலர். நீர்ப்பரப்பின் மேல் தூசி அற்பமாதலால், இவ்வகை மோட்டார்களுக்கு வடிகட்டி வைக்கும் வழக்கமில்லை. உறிஞ்சும் ஓசையை அடக்குவதும், கார்புரேட்டர் சில சமயம் பின்னோக்கித் துப்புகிற பெட்ரோலைப் பிடித்துக்கொள்வதுமே அப்பெட்டியின் தொழில். அது இல்லாமலும் மோட்டார் ஓடும். இரைச்சல் கூடும், கலவையில் காற்றின் பங்கு சற்று மிகும். அந்நாளைய மோட்டார்களில் பெட்ரோலின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முகப்பிலேயே ஊசித் திருகுகள் வைத்திருந்தபடியால், ஒரு சிறு திருப்பலில் அதைச் சரிசெய்துவிடலாம். துப்பிய பெட்ரோல் அடித்தட்டில் தேங்காதபடி மட்டும் அடிக்கடி துடைத்துவிட வேண்டும். படகின் வயிற்றுக்குள் அமைந்த பெட்ரோல் எஞ்சின்களுக்கு, 1940 ஏப்ரலுக்குப் பின் பொருத்தப்பட்டவையாயின், பின்வெடிப்பின் சுவாலையைத் தடுக்கும் சாதனம் கட்டாயம் என்று கூறும் அமெரிக்க விதி, வெளியே தொங்கும் மோட்டார்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் அந்த விலக்கை அசட்டைக்கு அனுமதியாகக் கொள்ளலாகாது.

அடுத்தது சோக் தகடு. அது போயிருந்தால், குளிர்ந்த மோட்டாரைக் கிளப்புகையில் கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் மூடிக் கயிற்றை ஓரிரு முறை இழுப்பது பழகியவர்களின் உபாயம்; கை பெட்ரோலால் நனைந்துவிட்டால் உள்ளேயும் போதிய அளவு சென்றுவிட்டதென்று பொருள். எடுத்துச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கையை எடுத்துத் துடைத்துக்கொண்ட பிறகே கிளப்ப வேண்டும்.

கார்புரேட்டருக்குப் பின்னால் வருகிற கேஸ்கட் வெறும் காகிதத் துண்டாகத் தோன்றுவதால், அது இல்லாமலே திருகாணிகளை இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்த இடுக்கின் வழியாகப் புகும் காற்று, பெட்ரோலை ஏற்றிக்கொள்ளும் இடத்தைத் தாண்டிப் புகுகிறது. 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்று கலந்து ஊற்றிய அம்மோட்டார்களில் மசகுக்கு வேறு வழியே கிடையாதாகையால், பெட்ரோல் குறையும்போது ஆயிலும் குறைகிறது, சூடோ ஏறுகிறது. ஸ்பார்க் பிளக்கின் நுனி இளம்பழுப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் பிஸ்டன் இறுகிப்போகும் நாள் தூரத்தில் இல்லை. கசிவைக் கண்டுபிடிப்பது கஷ்டமன்று: மோட்டாரைத் தண்ணீர் நிறைந்த பீப்பாயில் மெதுவாக ஓடவிட்டு, இணைப்பைச் சுற்றி ஒவ்வொரு துளியாக ஆயில் விட்டு வந்தால், கசியும் இடத்தில் துளி உறிஞ்சப்பட்டு, ஓட்டத்தின் சுருதி சட்டென்று மாறும். பீப்பாயில் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் குளிர்நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம் கருகிவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இவற்றுக்கெல்லாம் உள்ளே இருப்பது நாக்கு வால்வு. ஆர்மோனியத்தின் நாக்குகளைப் போன்ற மெல்லிய எஃகுத் தகடுகள் ஒரு முனையில் திருகப்பட்டு, மறுமுனையால் துவாரங்களை மூடிக்கொண்டிருக்கின்றன. வெற்றிடம் இழுத்தால் வளைந்து திறந்து, அழுத்தம் வந்ததும் தாமே படிந்து மூடிவிடுகின்றன. நிமிடத்துக்கு 4,500 சுற்று ஓடும் மோட்டாரில் இக்காரியம் விநாடிக்கு 75 முறை நடைபெறுகிறது. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் கிராங்க் அறையும் தனித்தனி நாக்குகளும் இருப்பதால், ஒரு பக்கத்து நாக்கு முறிந்தால் அந்தப் பக்கத்துக் கலவை சிலிண்டருக்குப் போகாமல் வந்த வழியே திரும்பிவிடுகிறது. மெதுவாக ஓடும் மோட்டாரின் கார்புரேட்டர் வாய்க்கு எதிரே ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடியுங்கள்: இரண்டொரு புள்ளிகள் விழுவது இயல்பே; காகிதம் தொப்பலாக நனைந்து, வாய்முன் வெண்புகை போலப் பெட்ரோல் மூட்டம் நின்றால், நாக்கைச் சந்தேகிக்க வேண்டியதுதான். முறிந்த துண்டு எங்கே போயிற்று என்று தேடிப் பார்ப்பது அதைவிட முக்கியம். அது கிராங்க் அறைக்குள் கிடந்தால் பேரிங்கையும் பிஸ்டனையும் சேர்த்து நாசம் செய்துவிடும். பழைய டப்பாத் தகட்டை வெட்டிப் பொருத்தும் சாமர்த்தியமும் இந்த இடத்தில் செல்லாது. வில்போல் வளைந்து மீளும் குணம் டப்பாத் தகட்டுக்கு இல்லை.

ஆகவே, இத்தகைய மோட்டார் மலிவாக வந்தால், முகப்புப் பெட்டி இல்லையென்று தயங்க வேண்டாம். கேஸ்கட்டை அதற்குரிய தாளில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். நாக்கு வால்வு குறைந்திருந்தால் மட்டும், அசல் பாகம் கிடைக்கும் என்பது நிச்சயமாகிற வரையில் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.