திரையை அணைப்பதற்கும் ஒரு முறை உண்டு

மடிக்கணினியை மூடியதும் திரை அணைகிறது, திறந்ததும் ஒளிர்கிறது. மின்விசிறியின் சுவிட்சைத் தட்டுவது போன்ற எளிய வேலை என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால், அந்தச் சிறு இடைவெளிக்குள் பல வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து முடிகின்றன. அந்த வரிசை பிசகினால் திரை இருண்டே கிடக்கலாம், கணினி உறைந்துபோகலாம், சில வேளைகளில் திரையே பழுதாகலாம்.

இந்த வேலைகளைக் கவனித்துக்கொள்வது 'டிரைவர்' எனப்படும் இயக்கி மென்பொருள். இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் இடையே நின்று, "இப்போது விழி, இப்போது தூங்கு" என்று திரைக்குக் கட்டளையிடுவது இதுதான்.

விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடையே

கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் அதிக மின்சாரத்தைச் செலவழிக்கும் பாகங்களுள் திரையும் ஒன்று. எனவே, தேவையில்லாத நேரத்தில் அதை உறங்க வைத்தால் மின்கலம் நீடித்து உழைக்கும்.

பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளின் காலத்திலேயே இந்த எண்ணம் வந்துவிட்டது. 1993-ஆம் ஆண்டில் 'வெசா' எனும் தர அமைப்பு, கணினித் திரைக்கு நான்கு நிலைகளை வகுத்தது: இயக்கம், காத்திருப்பு, இடைநிறுத்தம், அணைப்பு. உறக்கம் ஆழமாக ஆக, மின்செலவு குறையும். ஆனால், மீண்டும் விழிக்க அதிக நேரம் பிடிக்கும். இன்றைய திரைகளுக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் பொருந்தும்.

காலுறை முதலில், காலணி பிறகு

பள்ளிக்குப் புறப்படும்போது முதலில் காலுறை, அதன்பின் காலணி அணிகிறோம். கழற்றும்போது வரிசை தலைகீழாகிறது. திரைக்கும் இதே விதிதான்.

திரவப் படிகத் திரையை எடுத்துக்கொள்வோம். அதில் படத்தை உருவாக்கும் படிக அடுக்கு வேறு. அதற்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பின்னொளி வேறு. திரையை விழிக்கச் செய்ய, இயக்கி இந்த வரிசையைப் பின்பற்றும்:

1. திரையின் உள்ளே இருக்கும் சில்லுக்கு மின்சாரம் கொடுக்கும்.
2. மின்னழுத்தம் நிலைபெறும்வரை காத்திருக்கும்.
3. படத்துக்கான சமிக்ஞைகளை அனுப்பும்.
4. படம் நிலைபெற்ற பிறகு பின்னொளியை ஏற்றும்.

அணைக்கும்போது பின்னொளி முதலில் அணையும். மின்சாரம் கடைசியில் நிற்கும்.

வரிசை மாறினால் என்ன ஆகும்? பின்னொளி முந்திக்கொண்டால், படம் வருவதற்கு முன்பே திரையில் குப்பைபோல் ஏதோ மின்னி மறையும். அது கண்ணுக்கு மட்டுமே தொல்லை. மின்சாரம் வருவதற்கு முன்பு சமிக்ஞை வந்தால் நிலைமை மோசமாகும். சில்லின் கால்கள் வழியாக மின்னோட்டம் உள்ளே கசிந்து, சில்லு அரைத்தூக்கத்தில் தடுமாறும்; அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து அது கெட்டுப்போகவும் கூடும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. திரவப் படிகத்துக்கு ஒரே திசையில் மின்னழுத்தம் தொடர்ந்து கிடைக்கக் கூடாது. அதனால்தான் திரையின் சுற்றமைப்பு அந்தத் திசையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. சமிக்ஞை திடீரென நின்று, மின்னழுத்தம் மட்டும் படிகத்தின்மேல் தங்கிவிட்டால், உள்ளே இருக்கும் அயனிகள் ஒருபக்கமாக ஒதுங்கும். பழைய படத்தின் நிழல் திரையில் ஒட்டிக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

பொறுமை என்பதும் ஒரு கட்டளை

வரிசை சரியாக இருந்தால் மட்டும் போதாது. இடையிடையே காத்திருக்கவும் வேண்டும். மாணவர்கள் மின்னணுச் செயல்திட்டங்களில் பயன்படுத்தும் சிறிய வண்ணத் திரைகள் பலவற்றில் 'ஐஎல்ஐ9341' என்ற சில்லு இருக்கும். அதற்கு "விழி" என்று கட்டளையிட்டால், அடுத்த கட்டளையை அனுப்பக் குறைந்தது 5 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். "தூங்கு" என்று திருப்பிச் சொல்ல வேண்டுமானால் 120 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். சில்லின் உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றுகள் நிலைபெற அந்த நேரம் தேவை.

மடிக்கணினித் திரைகள் பலவற்றில், மின்சாரத்தை நிறுத்தினால் 500 மில்லி விநாடி கழித்துத்தான் மீண்டும் கொடுக்கலாம். மின்தேக்கிகளில் மிச்சமிருக்கும் மின்னூட்டம் முழுவதும் வடிந்தால்தான் சில்லு புதிதாகத் தொடங்கும். அணைத்து 200 மில்லி விநாடியிலேயே நீங்கள் மூடியைத் திறந்துவிட்டால், நல்ல இயக்கி இன்னும் 300 மில்லி விநாடி பொறுத்திருக்கும். அதற்கு, கடைசியாக எப்போது அணைத்தோம் என்பதை அது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தூங்குபவரிடம் கேள்வி கேட்டால்

கணினிக்குள் படத்தைத் தயாரிக்கும் வன்பொருளில் 'பதிவகங்கள்' எனும் சிறு நினைவறைகள் உள்ளன. படத்தின் அகலம், உயரம், புதுப்பிக்கும் வேகம் போன்றவற்றை இயக்கி அவற்றில்தான் எழுதும். மின்சாரம் நின்றால் பெரும்பாலான பதிவகங்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகவே, விழித்ததும் ஒவ்வொன்றையும் மீண்டும் எழுத வேண்டும்.

தூங்கும்போதே அவற்றைப் படிக்க முயன்றால்? கணினியின் விரிவாக்க இணைப்பில் உள்ள சாதனங்களில், பதில் சொல்ல யாரும் இல்லாதபோது 32 இருமங்களும் 1 என்றே வரும். அது தசம எண்ணில் 4,294,967,295. அதை உண்மையான விடை என்று நம்பினால் இயக்கியின் கணக்கு முழுவதும் தவறாகிவிடும். கைப்பேசிச் சில்லுகள் சிலவற்றில் பதிலே வராது. கேட்டவர் காத்துக்கொண்டே நிற்க, மொத்தக் கருவியும் உறைந்துவிடும்.

கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைக்கட்டும்

அப்படியானால், இப்போது அணைக்கலாமா கூடாதா என்பது இயக்கிக்கு எப்படித் தெரியும்? திரையை ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தலாம். ஒரு செயலி காணொளி காட்டும். இன்னொன்று திரையைப் படம்பிடிக்கும்.

பள்ளி நூலகத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே வருபவர் பலகையில் இருக்கும் எண்ணை ஒன்று கூட்டுகிறார். வெளியேறுபவர் ஒன்று குறைக்கிறார். எண் 0 ஆனால் மட்டுமே விளக்கை அணைக்கலாம். லினக்ஸ் இயங்குதளம் இதே முறையைக் கையாளுகிறது. வன்பொருளைத் தொடுவதற்கு முன் இயக்கி "பெறு" என்று பதிகிறது. முடித்ததும் "விடு" என்று பதிகிறது. ரஃபேல் விசோக்கி எழுதிய இந்த ஏற்பாடு, 2009-இல் வெளிவந்த 2.6.32 பதிப்பில் லினக்ஸோடு சேர்ந்தது.

இதில் இரண்டு தவறுகள் நேரலாம். "விடு" சொல்ல மறந்தால் எண் 0-க்கு இறங்காது, வன்பொருள் தூங்காது, மின்கலம் வீணாகக் கரையும். "விடு" ஒன்று கூடிவிட்டால், உள்ளே ஆள் இருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும். முதல் தவறு மெல்லக் கொல்லும். இரண்டாவது அந்தக் கணமே கணினியைச் சாய்க்கும்.

எண் 0 ஆனாலும் சற்றுக் கவனம் தேவை. நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையில், ஏறக்குறைய 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை "ஒரு படம் முடிந்தது" என்ற அழைப்பை வன்பொருள் அனுப்பும். மின்சாரத்தை நிறுத்திய பிறகு, அதற்கு முன் வந்த அழைப்பைக் கவனிக்கப் போய்ப் பதிவகத்தைத் தொட்டால், மறுபடியும் அதே ஆபத்துதான். ஆகவே, புதிய வேலை வாங்குவதை நிறுத்துவது, கையில் இருக்கும் வேலையை முடிப்பது, அழைப்புகளைத் துண்டிப்பது, கடைசியில் மின்சாரத்தை நிறுத்துவது என்பதே பாதுகாப்பான முறை.

விழிக்கும் வழியில் ஏதாவது ஒரு படி தோல்வியடைந்தாலும் இயக்கி பாதியில் விட்டுப் போகக் கூடாது. அதுவரை செய்த படிகளைத் தலைகீழ் வரிசையில் அவிழ்க்க வேண்டும். காலணி பொருந்தவில்லை என்றால் காலுறையையும் கழற்றி வைப்பது போல.

கண்டுபிடியுங்கள்

ஓர் இயக்கி இந்த வரிசையில் பதிகிறது: பெறு, பெறு, விடு, பெறு, விடு, விடு, விடு. எண் 0-இல் தொடங்குகிறது. தவறு எங்கே?

விடை: எண் 1, 2, 1, 2, 1, 0 என்று வந்து கடைசியில் -1 ஆகிறது. ஏழாவது பதிவான "விடு" அதிகப்படி. இத்தகைய பிழையைக் கண்டால் லினக்ஸ் எச்சரிக்கைச் செய்தி ஒன்றைப் பதிவுசெய்யும். பெறுவது எத்தனையோ விடுவதும் அத்தனை என்ற எளிய கணக்கை இயக்கி தவறாமல் பார்த்துக்கொள்வதால்தான், நீங்கள் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் திரை உங்களுக்காக ஒளிர்கிறது.