கதிர்வீச்சு சிகிச்சை: பயம் எங்கே இருக்க வேண்டும்?

புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொண்டு வீடு திரும்பும் தாயிடம் கைக்குழந்தையைக் கொடுக்காமல் ஒதுக்கிவைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. தேவையே இல்லாத கொடுமை அது. வெளியிலிருந்து இயந்திரம் பாய்ச்சும் கதிர் உடலில் தங்குவதில்லை. அவரைத் தொடலாம், கட்டிக்கொள்ளலாம், பக்கத்தில் படுக்கலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் விழுங்கியவர்களோ, மருத்துவமனை சொல்லும் நாள்வரை குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் விலகியிருக்க வேண்டும். அந்த அயோடினின் வீரியம் பாதியாகவே எட்டு நாள் ஆகும்.

அப்படியானால் கதிர் பாய்ச்சும்போது ஊழியர்கள் ஏன் அறையை விட்டு வெளியேறுகிறார்கள்? நோயாளிக்குக் கதிர் சில வாரங்களுக்குத்தான். உள்ளேயே நின்றால் ஊழியருக்கோ ஒவ்வொரு நோயாளியின்போதும் சிதறும் கதிர், ஆண்டுக்கணக்கில் சேரும். அதனால்தான் தடித்த கான்கிரீட் சுவர். கதவு திறந்தாலே கதிர் நின்றுவிடும் ஏற்பாடு. வெளியே இருந்தபடி கேமராவில் நோயாளியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மார்பில் அணியும் டிஎல்டி பேட்ஜ் அவர்கள் வாங்கிய அளவைக் கணக்கு வைக்கும். இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது.

நோயாளிக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. கட்டியை அழிக்கும் அளவு போயே ஆக வேண்டும். அவரைக் காப்பது துல்லியம்தான். உண்மையில் கவலைப்பட வேண்டிய இடமும் இதுவே.

அமெரிக்காவின் கொலம்பஸ் நகர மருத்துவமனை ஒன்றில் 1974 முதல் 1976 வரை நடந்ததைப் பாருங்கள். சிகிச்சை இயந்திரத்தில் கதிர் தரும் கோபால்ட்-60 மாதத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் வீரியம் இழக்கும். அதற்கேற்பச் சிகிச்சை நேரத்தைக் கூட்டுவார்கள். அங்கே அந்தத் தேய்மான வரைபடமே தவறாகப் போடப்பட்டது. இயந்திரம் உண்மையில் இருந்ததைவிடப் பலவீனமாகிவிட்டதாக நம்பி, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 426 பேர் அதிகக் கதிர் வாங்கினார்கள். 22 மாதம் யாரும் கருவி வைத்துக் கதிரை அளக்கவில்லை. இயந்திரம் பழுதாகவில்லை, காகிதக் கணக்கை நம்பியதுதான் கேடு.

இன்று, கதிரின் அளவைச் சரிபார்க்கும் மருத்துவ இயற்பியலாளர் இல்லாமல் இந்தியாவில் எந்தக் கதிர் சிகிச்சை மையமும் இயங்கக் கூடாது. காலையில் முதல் நோயாளி படுக்குமுன் இயந்திரத்தைச் சோதிக்கும் வேலையை அவசர நாளிலும் தள்ளிப்போடக் கூடாது என்பது அதனால்தான்.

நோயாளி பங்கும் உண்டு. பேஸ்மேக்கர் இருந்தால், கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தோலில் போட்ட குறிகளை அழிக்காதீர்கள். தினமும் பெயர் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் முழுப் பெயரைச் சொல்லுங்கள். இன்னொருவருக்கான கதிர் உங்கள்மேல் பாயாமல் தடுக்கும் சோதனை அது.