அசெம்பிள்டு பிசி சரி, அசெம்பிள்டு எலெக்ட்ரிக் கார்?

சென்ற மாதம் சித்தப்பா ஒரு கொட்டேஷனோடு வீட்டுக்கு வந்தார். "தம்பி, என் பழைய காரில் இன்ஜினை எடுத்துவிட்டு மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் மாட்டித் தருகிறார்களாம். நீ கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணின மாதிரிதானே?" என்றார். அட்வான்ஸ் கொடுக்க ரிட்டையர்மென்ட் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்திருந்தார்.

மதர்போர்டு, ராம், எஸ்.எம்.பி.எஸ். என்று வாங்கி நாமே பூட்டிக்கொள்கிறோம். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் கார் பொதுச் சாலையில் ஓடுகிறதே!

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. அதே பிரிவு ஒரு வழியும் விடுகிறது. பேட்டரி, சி.என்.ஜி., எல்.பி.ஜி. ஆகியவற்றில் ஓடுவதற்கான கன்வர்ஷன் கிட்டை, நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பொருத்தலாம்.

எலெக்ட்ரிக் கிட்டுக்கான தரம் ஏ.ஐ.எஸ்.-123. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட் போன்ற அமைப்புகள் சோதித்துச் சான்று தருகின்றன. பேட்டரியின் எடையை பிரேக் தாங்க வேண்டும், மின்கசிவு இருக்கக்கூடாது அல்லவா?

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

1. கிட்டுக்கு அங்கீகாரச் சான்றிதழ் உண்டா? அதில் உங்கள் கார் மாடல் இருக்கிறதா?

2. பொருத்துபவர் அங்கீகாரம் பெற்றவரா?

3. ஆர்.சி.யில் மாற்றம் பதிவு செய்யத் தேவையான காகிதங்களைத் தருவாரா? மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

மீறினால்? 2019-ல் திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, வண்டியின் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விதியை மீறி வண்டியை மாற்றி விற்கும் டீலருக்கு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சித்தப்பா போன் போட்டு மூன்று கேள்விகளையும் கேட்டார். "ஆர்.டி.ஓ. வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் சார். சான்றிதழ் எல்லாம் எதுக்கு?" என்று பதில் வந்தது. அவர் கொட்டேஷனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அட்வான்ஸ் பத்திரமாக பேங்கிலேயே இருக்கிறது.

ராமைச் சரியாக மாட்டாவிட்டால் கம்ப்யூட்டர் 'பீப்' என்று கத்தி உடனே காட்டிக்கொடுக்கும். கார் அப்படிக் கத்தாது. விபத்து நடந்து, இன்ஷூரன்ஸில் கை விரிக்கும்போதுதான் விஷயம் தெரியும். ஆகவே முதலில் சான்றிதழ், பிறகு பணம்!