ஓர் இரவைக் கடக்க உடலைக் குளிர்விக்கும் ரீங்காரச் சிட்டு: ஆய்வுகள் கூறுவது என்ன?

மும்பை: மாட்டுங்கா, செம்பூர் வீடுகளின் மாடித் தொட்டிச் செம்பருத்தியைத் தேடிவரும் சிறு பறவையைப் பலரும் 'ஹம்மிங்பேர்ட்' என்றே குறிப்பிடுகின்றனர். உண்மையில் அது தேன்சிட்டு. ரீங்காரச் சிட்டு எனப்படும் ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. அதன் நெருங்கிய உறவு தேன்சிட்டு அல்ல, உழவாரன் குருவிதான்.

தேன்சிட்டு பெரும்பாலும் கிளையைப் பற்றி அமர்ந்தே தேன் அருந்தும். ரீங்காரச் சிட்டோ அந்தரத்தில் நின்று அருந்துகிறது. அப்போது அதன் இதயம் நிமிடத்துக்கு 1,000 முறைக்கு மேல் துடிக்கக்கூடும். சில கிராம் எடையே உள்ள உடல் வெப்பத்தை விரைவில் இழந்துவிடும். இரவில் உணவும் இல்லை. சேமித்த கொழுப்பு விடியும் முன் தீர்ந்தால் மரணம்தான்.

இதற்கு அப்பறவை கண்ட வழி 'டார்ப்பர்' எனும் மந்தத் துயில். பகலில் சுமார் 40 டிகிரி செல்சியஸ் உள்ள உடல் வெப்பத்தை அது வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது. பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் 6 இனங்களைச் சேர்ந்த 26 பறவைகளை ஆராய்ந்த குழு, 2020-இல் முடிவுகளை வெளியிட்டது. அவற்றுள் ஒரு பறவையின் உடல் வெப்பம் 3.3 டிகிரி வரை இறங்கியிருந்தது. பனிக்கட்டியின் குளிரை நெருங்கிய அப்பறவை, காலையில் மீண்டும் பறந்தது என்பதே வியப்பு.

ஆனால் இத்துயிலுக்கு விலை உண்டு. எதிரி வந்தால் உடனே தப்ப முடியாது. உடலை மீண்டும் சூடேற்றவும் ஆற்றல் செலவாகும். ஆகவே எல்லா இரவும் ஆழ்ந்த துயில் தேவையில்லை என்பதை 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் அரிசோனாவில் 3 இனங்களை அகச்சிவப்பு வெப்பக் கேமராவால் இரவு முழுவதும் கண்காணித்தபோது, இயல்பு உறக்கத்துக்கும் ஆழ்துயிலுக்கும் இடையே மேலோட்டமான துயில்நிலை ஒன்றும் இருப்பது தெரிந்தது. இவ்வாய்வை முன்னின்று நடத்திய அனுஷா சங்கர், பின்னர் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹைதராபாத் மையத்தில் சேர்ந்தார்.

துயிலும் பறவையின் உடல் பொதுவாகச் சுற்றுப்புறத்தைவிடக் குளிர முடியாது. எனவே இரவு வெப்பம் உயர்ந்தால் இந்தச் சேமிப்பும் குறையும். பருவநிலை மாற்றக் காலத்தில் ஆய்வாளர்கள் இதில் கவனம் செலுத்துவது இதனால்தான். தேன்சிட்டுகளும் இத்திறனை முற்றிலும் அறியாதவை அல்ல. தென்னாப்பிரிக்காவின் மலகைட் தேன்சிட்டு குளிர் இரவுகளில் உடல் வெப்பத்தைத் தாழ்த்துவது 2002-இலேயே பதிவாகியுள்ளது.