விசைப்படகின் எஞ்சினில் தோன்றும் புதுச் சப்தமும் நடுக்கமும்

சேலம் ஜில்லாவின் எடப்பாடிப் பக்கத்திலுள்ள பூலாம்பட்டிக்கும், காவேரியின் அக்கரையில் ஈரோடு ஜில்லாவைச் சேர்ந்த நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே விசைப்படகுகள் ஓடுகின்றன. 1934-ம் வருஷத்தில் முடிவுற்ற மேட்டூர் அணைக்குக் கீழே, மின்சார உற்பத்தியின் பொருட்டுப் பிற்காலத்தில் கட்டப்பட்ட கதவணை ஒன்றினால் தேங்கி நிற்கும் நீரில் இப்படகுகள் செல்லுகின்றன. குடியானவர்களும், பள்ளிப் பிள்ளைகளும், மோட்டார் சைக்கிளுடன் வருவோரும் இவற்றை நம்பிப் பிரயாணம் செய்கிறார்கள். இத்தகைய துறையில் நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிடுமாயின், கதவுகள் திறந்திருக்கும் காலத்தில் நீரோட்டம் படகை அணையின் பக்கமே இழுத்துச் செல்லும். ஆகையால் எஞ்சினில் புதிதாய்த் தோன்றும் சப்தத்தைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்கலாகாது. அது உயிர்க் கணக்குமாகும்.

கிணற்றில் எண்ணெய் எஞ்சின் வைத்திருந்த குடியானவர்களுக்கு அதன் ஓசை நன்கு பழக்கமானதே. வரப்பில் இருந்தபடியே, ஓடும் எஞ்சின் ஒழுங்காய் ஓடுகிறதா, திணறுகிறதா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். சங்ககிரி, நாமக்கல் பட்டறைகளில் லாரி எஞ்சின்களைப் பழுது பார்க்கும் மேஸ்திரிமார்களும் கைதேர்ந்தவர்களே. ஆயினும் படகின் எஞ்சினுக்கும் இவற்றுக்கும் ஒரு பேதம் உண்டு. லாரி எஞ்சின் இறக்கத்தில் சற்று இளைப்பாறும். படகின் எஞ்சின் கரை விட்டுக் கரை சேரும் வரை பாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். அன்றியும், அதன் பின்னே நீண்ட தண்டும், தண்டின் நுனியில் நீரைத் தள்ளும் விசிறியும் உள்ளன. படகில் உண்டாகும் நடுக்கத்தில் பெரும்பகுதி எஞ்சினிலன்றி இந்தத் தண்டிலும் விசிறியிலுமே பிறக்கிறது. இதை அறியாமல் சிலர் சப்தம் கேட்ட மாத்திரத்தில் எஞ்சினின் ஹெட்டைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றிப் போட்ட எஞ்சினில் சப்தம் ஏது? சாட்சியை ஊருக்கு அனுப்பிவிட்டு விசாரணை நடத்துவது போலாகும் அது.

ஆகவே முதலில் செய்யத்தக்கது, குற்றம் முன்னே எஞ்சினில் உள்ளதா, பின்னே தண்டில் உள்ளதா என்று பிரித்தறிவதேயாம். பிரயாணிகள் ஏறாத வேளையில் படகைக் கரையில் முன்னும் பின்னும் கயிற்றால் இறுகக் கட்டவேண்டும். கியரைச் சேர்க்காமல் நியூட்ரலில் வைத்து எஞ்சினின் வேகத்தை மெள்ள மெள்ள ஏற்றிப் பார்க்கவேண்டும். அப்பொழுதே நடுக்கம் தோன்றினால் குற்றம் எஞ்சினிலோ, அதைத் தாங்கும் போல்ட்டுகளிலோ, ரப்பர் தாங்கிகளிலோ இருக்கிறது. நியூட்ரலில் அமைதியாக ஓடி, கியரைச் சேர்த்தவுடன் நடுக்கம் உண்டாகுமானால், தண்டையும் விசிறியையுமே முதலில் பார்க்கவேண்டும். இச்சோதனையின்போது படகின் பின்புறத்தில் ஒருவரும் நீரில் இறங்கி நிற்கலாகாது.

விசிறியில் உண்டாகும் குற்றங்களில் மிகுதியானது ஏதேனும் சுற்றிக்கொள்வது. ஆகாயத் தாமரையின் வேர், அறுந்த வலை, கயிறு, பிளாஸ்டிக் பை ஆகியவை நம் ஆறுகளில் குறைவில்லை. நேற்று வரை நன்றாக ஓடிய படகு இன்று திடீரென்று நடுங்கி, வேகமும் குறைந்து, எஞ்சின் திணறினால், பெரும்பாலும் இதுவே காரணம். சிறிது நேரம் பின்னோக்கி ஓட்டினால் கொடி சில சமயம் தானே கழன்றுவிடும். கழலாவிடில் எஞ்சினை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்ட பிறகே நீரில் கையை விடவேண்டும்.

பாறையிலோ கட்டையிலோ மோதிய பின் நடுக்கம் தொடங்கியிருந்தால் விசிறியின் இதழ் வளைந்திருக்கலாம். படகைக் கரையேற்றி, ஒரு குச்சியின் நுனி ஓர் இதழின் முனையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி அசையாமல் கட்டிவைத்து, விசிறியைக் கையால் சுற்றவேண்டும். எல்லா இதழ்களும் குச்சிக்கு ஒரே இடைவெளியில் வந்தால் குற்றமில்லை. ஒன்று விலகியோ இடித்தோ சென்றால் வளைந்தது அதுவே. தண்டின் வளைவையும் இவ்விதமே குச்சியை அதன் அருகில் நிறுத்திக் காணலாம். தண்டை மேலும் கீழும் தூக்கிப் பார்த்து, தாராளமாய் ஆடுமாயின் பின்புறத்துப் பேரிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ளவேண்டும். மணல் கலந்த நீரில் இப்பேரிங் சீக்கிரமே தேயும்.

எஞ்சினும் தண்டும் சேரும் கப்ளிங் தட்டுகள் நேர்பட நிற்பது மிக முக்கியம். போல்ட்டுகளைக் கழற்றி, இரு தட்டுகளுக்கும் இடையேயுள்ள சந்தை மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களிலும் மெல்லிய அளவுத் தகட்டினால் அளக்கவேண்டும். தட்டின் குறுக்களவு 4 அங்குலமானால், நான்கு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 பங்குக்கு மிகாதிருப்பது வழக்கமான விதி. இதைப் படகு நீரில் மிதக்கும்பொழுதே செய்யவேண்டும். கரையில் ஏற்றிவைத்த படகின் உடல் சிறிது வளைவதால், அங்கே நேராக்கியது நீரில் மீண்டும் கோணலாகிவிடும். இந்தச் சிறு விஷயத்தை மறந்து இரண்டு முறை கூலி கொடுப்பவர்கள் உண்டு.

இனி எஞ்சினைக் குறித்து. ருடால்ப் டீஸல் என்னும் ஜெர்மானியர் 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில், காற்றை வெகுவாய் அழுத்துவதால் உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆதலால் டீஸல் எஞ்சினுக்குத் தட்டும் ஓசை இயல்பானது; குளிர்ந்த காலையில் அது சற்று மிகுதியாகவும் இருக்கும். அந்த ஓசை மாறுவதையே நோயாகக் கருதவேண்டும்.

குறைந்த வேகத்தில் எஞ்சின் குலுங்கி, வேகம் ஏற ஏறச் சமனப்படுமானால், ஒரு சிலிண்டரில் எண்ணெய் சரியாய் எரியவில்லை என்று அறியலாம். எஞ்சின் மெதுவாய் ஓடும்பொழுது, ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் செல்லும் குழாயின் நட்டை ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே தளர்த்திப் பிறகு இறுக்கவேண்டும். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். எதைத் தளர்த்தியும் மாறுதல் தெரியவில்லையோ அதுவே வேலை செய்யாத சிலிண்டர். கூரிய தட்டல் சப்தம் ஒரு நட்டைத் தளர்த்தியதும் மறைந்தால், அந்த இஞ்செக்டரைச் சோதிக்கக் கொடுக்கவேண்டும். நட்டின் மேல் தடித்த துணியைப் போட்டு, கையைத் தூரத்தில் வைத்தே இதைச் செய்க. அவ்வழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் ஊசி குத்தினாற்போல் சிறியதாய்த் தோன்றினும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சப்தம் பிறக்கும் இடத்தை அறிய, நீண்ட மரக்குச்சியின் ஒரு நுனியை எஞ்சினின் மேலும் மறு நுனியைக் காதண்டையிலும் வைத்துக் கேட்கலாம். சுழலும் பெல்ட்டுக்கு எட்டவே நிற்கவேண்டும். மேல்மூடியின் கீழ் 'டிக் டிக்' என்று மெல்லியதாய், எஞ்சின் சுற்றும் வேகத்தில் பாதியாய்க் கேட்டால் அது வால்வுகளின் இடைவெளி மிகுந்ததால் வருவது. அவசரமில்லை, அடுத்த ஓய்வு நாளில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மாறாக, அடிப்பாகத்தில் உலக்கை குத்தினாற்போல் மந்தமாய் எழுந்து, பாரம் ஏறுந்தோறும் பெருகும் சப்தம் கேட்டு, எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள்ளும் தாழ்ந்திருந்தால், உள்ளேயுள்ள பேரிங் தேய்ந்துவிட்டது. கரையிலிருந்தால் படகை எடுக்கலாகாது. நடு ஆற்றிலானால் வேகத்தைக் குறைத்து அருகிலுள்ள கரையை நாடவேண்டும். எஞ்சின் நின்றுவிட்டால் முதலில் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பிறகே காரணம் தேடவேண்டும். நங்கூரமும், அதற்குப் போதிய நீளமுள்ள கயிறும், ஆளுக்கொரு மிதவை உடுப்பும் இல்லாத படகில் இந்த யோசனைக்கு இடமேயில்லை.

சங்கத்தில் கடன் பெற்று எஞ்சின் வாங்கிய அங்கத்தினர் படகில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நலம். ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், மாற்றிய பில்ட்டர், மோதல் ஏதேனும் நேர்ந்திருந்தால் அதன் தேதி ஆகியவற்றை அதில் குறிக்கவேண்டும். எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்க மறுகடன் கேட்டு மனுச் செய்யும்போது, நியூட்ரல் சோதனை செய்யப்பட்டதா, செய்ததில் என்ன தெரிந்தது என்று பஞ்சாயத்தார் அந்த நோட்டையே கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.