களப்புத் தண்ணீர் ஏன் கரிக்கிறது?

தேத்தண்ணியை எடுத்துக்கொள் தம்பி, ஆறுதலாகப் பேசுவோம். உன் ஆங்கிலக் கொப்பியில் 'எக்ஸ்பிளனேட்டரி' என்ற சொல்லுக்கு நேரே டிஸ்கிரிப்டிவ், இலஸ்ட்ரேட்டிவ், எக்ஸ்போசிட்டரி என்று எழுதி, ஒத்தசொற்கள் என்று தலைப்பும் போட்டிருக்கிறாய். பரீட்சைக்கு அது காணும். ஆனால் நாலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

நம் முந்தல் களப்பையே எடு. ஆழம் குறைவு, அயலெங்கும் தென்னந்தோட்டம், மழையில்லாத மாதங்களில் தண்ணீர் கடுமையாகக் கரிக்கும். இவ்வளவும் டிஸ்கிரிப்டிவ், அதாவது வருணனை. ஏன் கரிக்கிறது என்று நீ கேட்டால்தான் எக்ஸ்பிளனேட்டரிக்கு வேலை வருகிறது. களப்புக்குள் உவர்நீர் வடக்கே புத்தளம் களப்பிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. மழை ஓய்ந்தால் ஓடைகளின் நன்னீர் குறையும். வெயில் தண்ணீரை ஆவியாக்கும், உப்பு அங்கேயே தங்கிவிடும். "புத்தளத்து உப்பளப் பாத்தியைப் பார், அங்கேயும் இதுதான் நடக்கிறது" என்று காட்டினால் அது இலஸ்ட்ரேட்டிவ். மழை, வெயில், கால்வாய் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி ஒரு கட்டுரையாக விரித்தால் எக்ஸ்போசிட்டரி.

இதே கரையில், கற்பிட்டியில், 1807இல் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. 1834இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கைக் கசெற்றியர் தீவின் இடங்களை அகரவரிசையில் சொல்கிறது. அவ்வளவு விவரத்தையும் அந்தக் காலத்தில் ஒருவர் திரட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். வருணனையைக் குறைவாக எண்ணிவிடாதே. ஒன்று எப்படி இருக்கிறது என்று தெரியாமல் ஏன் அப்படி என்று கேட்க முடியாது.

தமிழில் இந்தப் பாகுபாட்டை இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பாயிரத்தில் உரையின் வகைகள் வருகின்றன. கருத்து, பதப்பொருள், காட்டு ஆகிய மூன்றாலோ, அவற்றோடு வினா, விடை சேர்ந்த ஐந்தாலோ சூத்திரத்தின் பொருளைச் சொல்வது காண்டிகை. காட்டு என்பது உதாரணம், உன் இலஸ்ட்ரேட்டிவ் அதுதான். அந்த ஐந்தோடும் நிற்காமல், அந்த இடத்துக்கு இன்றியமையாத மற்றவற்றையும் தன் உரையாலும் பிற நூல்களாலும் ஐயம் அகலச் சொல்வது விருத்தி. வினாவும் உரையின் ஓர் உறுப்பு என்று வைத்தார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். கேட்பவனுக்கு எங்கே இடறும் என்று முன்கூட்டி அறிந்தவனால்தான் அந்த வினாவை எழுத முடியும்.

ஆறுமுக நாவலர் (1822–1879) நன்னூல் விருத்தியுரையைப் பதிப்பித்தவர். பெரிய உரை கையில் இருந்தும் தாமே ஒரு காண்டிகையுரையும் எழுதினார். படிக்கத் தொடங்குகிறவனுக்கு ஒன்று, படித்து வளர்ந்தவனுக்கு மற்றொன்று.

ஏட்டில் மட்டும் உள்ள சங்கதி இல்லை இது. நம் நாட்டுச் சைவக் கோயில்களில் புராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் பாட்டைப் படிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்வார். முதலில் சொல்லுக்குச் சொல் பொருள், பிறகு கதை, பிறகு வேறொரு நூலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. வாய்ப்புக் கிடைத்தால் பக்கத்தில் போய் இரு. காண்டிகை எங்கே முடிகிறது, விருத்தி எங்கே தொடங்குகிறது என்று கவனித்துக் கேள்.