பின்சீட்டில் ஒருவர் ஏறினால் வண்டியில் என்னென்ன மாறும்?

கோவை அருகே கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து அதன்மேல் ஆசை கொண்டார். கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து அந்த வண்டியை வாங்கினார். பிறகு அதைப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டி, அதன் சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டார். வண்டியை ஓட்டினால் மட்டும் போதாது, அது எப்படி வேலை செய்கிறது என்றும் தெரிய வேண்டும் என்ற எண்ணத்துக்குக் கொங்கு நாட்டில் இப்படி ஒரு முன்னோடி உண்டு.

பின்சீட்டில் ஆள் ஏறும்போதும் அந்த எண்ணம் தேவை. மனைவியையோ அம்மாவையோ பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, தென்னந்தோப்புகளைப் பார்த்தபடி பொள்ளாச்சி வழியாக ஆழியாறு வரை நிதானமாகப் போய்வருவது இங்கே பலருக்கும் பிடித்த விடுமுறைப் பயணம். ‘ஓர் ஆள் கூடுதல், அவ்வளவுதானே’ என்று தோன்றும். ஆனால் அந்த ஓர் ஆளால் வண்டியின் குணமே மாறிவிடுகிறது.

180 கிலோ வண்டியில் 70 கிலோ எடையுள்ளவர் ஏறினால் மொத்தம் 250 கிலோ. பின்னால் 60 கிலோ ஏறினால் 310. ஏறக்குறைய கால் பங்கு கூடிவிட்டது. பின்சீட்டு பின்சக்கர அச்சுக்குக் கிட்டத்தட்ட நேர்மேலே இருப்பதால், கூடுதல் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின்மேல்தான் விழுகிறது. பின்பக்கம் தணிய, முன்பக்கம் சற்றே தூக்குகிறது. இரவில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்வதும், ஹேண்டில் லேசாகத் தோன்றுவதும், வேகத்தடையில் வண்டியின் அடிப்பாகம் உரசுவதும் இதனால்தான்.

இதற்கு மருந்து வண்டியிலேயே இருக்கிறது. பின்சக்கரத்தின் இருபுறமும் ஷாக் அப்சார்பர் உள்ள வண்டியென்றால், குனிந்து அதன் சுருளைப் பாருங்கள். சுருளின் ஒரு முனையில் படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று தெரியும். கொக்கி ஸ்பேனரால் அதைத் திருப்பினால் அடுத்த படிக்கு ஏறிச் சுருளைக் கொஞ்சம் அமுக்கும். இதனால் சுருளின் விறைப்பு கூடுவதில்லை. தணிந்துபோன பின்பக்கம் பழைய உயரத்துக்கு வருகிறது, அவ்வளவே. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். பின்டயர் காற்றுக்கும் பல வண்டிகளில் தனியாகப் போனால் ஓர் அளவு, இருவர் போனால் ஓர் அளவு என்று குறித்திருப்பார்கள். இருவரை ஏற்றிக்கொண்டு காற்றுக் குறைவாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து சூடேறும்.

நிதானமான சவாரிக்குப் பழைய புல்லட்டைப் பலரும் விரும்புவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் 1955-இல் கைகோத்துத் தொடங்கிய நிறுவனத்தின் வண்டி அது, திருவொற்றியூரில் உருவானது. அதன் ஒற்றை சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 90 மில்லிமீட்டர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிபொருள் வெடிக்கும். ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையே, கனமான ஃப்ளைவீல் தன் வேகத்தாலேயே எஞ்சினைச் சுழல வைக்கிறது. அதனால் இருவரைச் சுமந்தாலும் குறைந்த வேகத்தில் திணறாமல் இழுக்கும்.

ஆழியாற்றைத் தாண்டி வால்பாறைக்கு ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வண்டி எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும்தான் முடிவு செய்கின்றன. அந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சுமார் 17 டிகிரி சாய வேண்டும். 30 கிலோமீட்டரில் அது 35 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்கு, சாய்வோ இரண்டு மடங்கு! பின்னால் இருப்பவர் பயந்துபோய் உடம்பை நிமிர்த்தினால், அதை ஈடுகட்ட வண்டியை இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டிவரும். ஓட்டுபவரோடு அவரும் சேர்ந்து சாய்ந்தாலே போதும், வளைவு சுலபமாகிவிடும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும்படி வாருங்கள். கூடுதல் எடையின் வேகத்தை அடக்கும் வேலை முழுவதும் பிரேக்கில் வெப்பமாகச் சேரக் கூடாது.

சமவெளியில் வேறு சிக்கல். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பொள்ளாச்சி, உடுமலை பக்கம் பாய்ந்து வரும். வடக்கு தெற்காகப் போகும் கோவை–பொள்ளாச்சி சாலையில் அது பக்கவாட்டில் மோதும். இருவர் உட்கார்ந்தால் காற்று மோதும் பரப்பும் கூடுகிறது. லாரி ஒன்று காற்றை மறைத்துவிட்டு விலகும் நொடியில்தான் வண்டி திடீரென்று தள்ளப்படும். அந்த நேரத்தில் ஹேண்டிலை விறைப்பாகப் பிடிக்காமல், வேகத்தைக் குறைத்து ஓட்டுவதே நல்லது.

பின்னால் இருப்பவரின் பாதுகாப்புக்குச் சட்டமும் வழி செய்திருக்கிறது. கைப்பிடி, கால் வைக்கும் இடம், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை இல்லாமல் பின்சீட்டு வண்டி தயாரிக்கக் கூடாது என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். வண்டியின் அழகு கெடுகிறது என்று சேலைத் தடுப்பைக் கழற்றி வீசுகிறவர்கள், ஒரு முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். ஒருபக்கமாக உட்காருவதைவிட இருபுறமும் கால் போட்டு உட்காருவது பாதுகாப்பானது. எடை நடுவில் நிற்கும்.

அடுத்தமுறை கிளம்புமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். டயரில் காற்று, ஷாக் அப்சார்பரின் படி, சேலைத் தடுப்பு, இருவருக்கும் ஹெல்மெட். பின்னால் ஏறுபவரிடம், “வளைவுல என்னோட சேர்ந்து சாயுங்க, நிமிராதீங்க” என்று சொல்லிவிடுங்கள். உங்களை நம்பி ஏறுகிறவருக்கு நீங்கள் செய்ய வேண்டிய முதல் மரியாதை இதுதான்.